லேத்துக்குத் திரும்பி வந்து பேனா கடைகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ லேத் (கடைசல் இயந்திரம்) பழகி, சில வருஷம் பட்டறையில் நின்று, அப்புறம் வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள் மதுரையில் ஏராளம். அவர்களில் சிலருக்கு நடுவயதில் மறுபடியும் சக்கை (லேத்தில் பொருளைப் பிடித்துச் சுற்றும் பாகம்) தொட ஆசை வருகிறது. நானும் டர்னர் படித்துவிட்டு வேறு பிழைப்புக்குப் போய், பேனாவுக்காகத் திரும்பி வந்தவன். அப்படித் திரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இத்தனை வருஷம் கழித்துக் கை வருமா?

வரும். குறுக்கு ஸ்லைடை (வெட்டும் டூலை முன்னும் பின்னும் நகர்த்தும் பாகம்) சுற்றும் கை ஒரு மணி நேரத்தில் பழைய லயத்துக்கு வந்துவிடும். வராதது கண்ணும் காதும். வெர்னியர் கோடு மங்கலாகத் தெரியும். டூல் உரசுகிறதா வெட்டுகிறதா என்பதைச் சத்தத்திலேயே சொன்ன காது இப்போது தயங்கும். கிட்டப் பார்க்கும் கண்ணாடியைப் பட்டறைக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் காலிப்பர் ஒன்று, 0–25 மைக்ரோமீட்டர் ஒன்று, 0.01 மி.மீ. டயல் கேஜ் ஒன்று. இவை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

முதல் நாளே பேனாவுக்குப் போகாதீர்கள். 20 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) ராடு ஒரு துண்டு எடுத்து, முகம் சீவி, சென்டர் ட்ரில் போட்டு, 16, 14, 12 என்று மூன்று படி கடையுங்கள். ஒவ்வொரு படியும் 0.02 மி.மீ.க்குள் வந்து நிற்கும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். அப்புறம் பித்தளையில் அதே மூன்று படி. ஐ.டி.ஐ.யில் முதல் வருஷம் சலிக்கச் சலிக்கச் செய்த அதே பயிற்சிதான், வேறு ரகசியம் எதுவும் இல்லை.

பேனாவுக்கு மர லேத் போதாதா? கிட் வாங்கி மரத்தைக் கடைந்து மாட்டிவிடலாமே?

போதும், கிட் பேனா செய்வதென்றால். பித்தளைக் குழாயில் மரத்தை ஒட்டி, வெளிப்புறத்தைக் கடைந்து, இரண்டு பக்கமும் பாகங்களை அழுத்தினால் பேனா ரெடி. ஆனால் அதில் மரையும் (திருகிப் பூட்டும் புரி) மூட்டும் உங்களுடையவை அல்ல, கிட் தயாரித்தவருடையவை. பேனாவில் கஷ்டமான வேலை உருவம் இல்லை, மரைதான். மூடி எத்தனை சுற்றில் கழல்கிறது, கழுத்து உடம்போடு எவ்வளவு நெருங்கி உட்காருகிறது, மை ஒழுகுகிறதா என்பதையெல்லாம் மரை தீர்மானிக்கிறது. இரும்பு லேத்துக்குத் திரும்புவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரணம் இதுதான். மற்ற எல்லாக் கேள்விக்கும் என் பதில் இதிலிருந்துதான் வரும்.

சொந்த லேத் வாங்குவதா, பட்டறையில் போய்ச் செய்வதா?

முதலில் பட்டறை. கே.புதூர் தொழிற்பேட்டையிலும் கப்பலூர் சிட்கோவிலும், ஊருக்குள் சந்து சந்தாகவும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஒரே ஒரு லேத்தை வைத்துக்கொண்டு பம்பு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறைதான் நமக்குத் தோது. பெரிய பட்டறையில் மெஷினுக்கு ஓய்வே இருக்காது.

போய் விஷயத்தைச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: "சார், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வாங்க. மெஷின் நம்மளோடது, டூல் உங்களோடது." நியாயமான பேச்சு. டூல் பிட், ட்ரில், டேப் (துளைக்குள் மரை போடும் கருவி) எல்லாம் உங்களுடையதையே கொண்டு போங்கள். மணிக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், பழக்கத்துக்காகச் சும்மா செய்ய வேண்டாம். வேலை முடிந்ததும் சுருளைக் கூட்டி அள்ளி, பெட்டை (லேத்தின் பாகங்கள் நகரும் நீளமான அடித்தளம்) துடைத்து எண்ணெய் விட்டுவிட்டு வாருங்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: அவர் சக்கில் ஏதாவது ஜாப் செட் செய்து வைத்திருந்தால் "அண்ணே, இதைக் கழட்டலாமா?" என்று கேட்காமல் தொடாதீர்கள். ஃபோர் ஜா சக்கில் அரை மணி நேரம் டயல் வைத்து ஓட்டம் எடுத்து, ஜாப் ஆடாமல் சுற்றும்படி செய்திருப்பார்.

சில மாதம் இப்படிப் போன பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் சொந்த லேத்தைப் பற்றி யோசிக்கலாம்.

பழைய லேத் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். விற்பவர்கள் முதலில் செய்வதே புதுப் பச்சை பெயிண்ட் அடிப்பதுதான்.

நம் ஊரில் லேத்தை அடிக்கணக்கில் சொல்வார்கள்: நாலரை அடி, ஆறடி என்று. அது பெட் நீளம். பேனாவுக்கு நாலரை அடியே தாராளம். தேய்மானம் எப்போதும் சக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஏனென்றால் வேலை நடப்பது அங்கேதான். சேடிலை (டூலைத் தாங்கி பெட் மேல் நகரும் பாகம்) சக்குப் பக்கம் கொண்டுபோய், லேசாக உரசி நகரும் அளவுக்குப் பூட்டை இறுக்குங்கள். அப்படியே டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில் இருக்கும் பாகம்) பக்கம் தள்ளிப் பாருங்கள். நடுவழியில் இறுகி நின்றுவிட்டால் சக்குப் பக்கத்துப் பெட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பேனா வேலை நூறு மி.மீ.க்குள் முடிவதால் சிறிய தேய்மானத்தைத் தாங்கும்.

ஸ்பிண்டிலில் (சக்கைச் சுற்றும் தண்டு) ஆட்டம் இருந்தால் மட்டும் அந்த லேத்தை விட்டுவிடுங்கள். பெட்டில் டயல் கேஜை நிறுத்தி அதன் முனையைச் சக்கின் மேல் வையுங்கள். சக்கில் ஒரு மரக்கட்டையைப் பிடித்து மேலே நெம்புங்கள். முள் 0.02, 0.03 மி.மீ.க்கு மேல் ஆடி, பேரிங்கை இறுக்கியும் குறையவில்லை என்றால் செலவு இழுக்கும். அந்த ஆட்டம் மரையின் முகத்தில் அலை அலையாக வந்து நிற்கும்.

அடுத்தது சேஞ்ச் கியர், வெட்டும் மரைக்கு ஏற்ப மாற்றி மாட்டும் பற்சக்கரங்கள். எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள், குறிப்பாக 127 பல் கியர். பழைய இந்திய லேத்கள் பலவற்றில் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் நீளத் திருகு) இன்ச் அளவில் இருக்கும். ஒரு இன்ச் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அதனால்தான் அந்தக் கியர் இருந்தால் இன்ச் லீட் ஸ்க்ரூவிலும் மில்லிமீட்டர் மரை பிசகில்லாமல் விழும். பேனா மரை பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு. இன்ச் லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை வெட்டும்போது ஹாஃப் நட்டை (சேடிலை லீட் ஸ்க்ரூவோடு கோக்கும் பாகம்) திறக்கவே கூடாது. டூலைப் பின்னுக்கு எடுத்துவிட்டு, மோட்டாரை எதிர்ப்பக்கம் ஓட்டித்தான் சேடிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கொண்டு வருவதற்குக் குட்டியானை போதுமா என்றும் கேட்கிறார்கள். லேத்தின் எடையைக் கேட்டுக்கொண்டு வண்டி பேசுங்கள். சேடிலையும் டெயில் ஸ்டாக்கையும் கடைசிக்குத் தள்ளிப் பூட்டிவிட்டுத் தூக்குங்கள். தலைப்பக்கம் கனம் அதிகம், கவிழப் பார்க்கும். இறக்குவதற்குப் பழக்கமான ஆட்களைக் கூப்பிடுங்கள். மாடி வீட்டில் வைக்காதீர்கள்.

மேஜை மேல் வைக்கும் மினி லேத்?

பேனாவுக்கு வேலை செய்யும். எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்), அக்ரிலிக், பித்தளை வரை பிரச்சினை இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஆழமாக வெட்டினால் அதிரும். வாங்கியதும் ஸ்லைடுகளின் கிப்களை (தளர்ச்சியைக் குறைக்கும் பட்டைகள்) சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள்.

வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். த்ரீ ஃபேஸ் மோட்டார் ஓடுமா?

வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின் கருவி) வைத்து ஓட்டலாம். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் உள்ளே போய், 230 வோல்ட் த்ரீ ஃபேஸ் வெளியே வரும் வகை. மோட்டார் பலகையில் 230/415 என்று இருந்தால் டெல்டாவில் இணைக்க வேண்டும். வெறும் 415 என்று மட்டும் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் கை வைக்காதீர்கள். ஒரு ஹெச்.பி. மோட்டார் பேனாவுக்குப் போதும். வேகத்தை ரொம்பக் குறைத்து நெடுநேரம் ஓட்டினால் மோட்டார் சூடாகும், அதன் விசிறியும் சேர்ந்து மெதுவாகச் சுற்றுவதால். சித்திரை, வைகாசி வெயிலில் இதைக் கவனியுங்கள்.

முதல் பேனா எது?

பித்தளை பால் பேனா. பார்க்கர் வகை ரீஃபில், ஐ.எஸ்.ஓ. கணக்கில் ஜி2 என்பது: நீளம் 98 மி.மீ., குறுக்களவு 6 மி.மீ. எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். ஸ்ப்ரிங் வேண்டாம், கிளிக் வேண்டாம். முன்பகுதி, பின்பகுதி, நடுவில் ஒரு மரை, அவ்வளவுதான்.

கடையில் "அண்ணே, பன்னெண்டு எம்.எம். பித்தளை ராடு ஒரு அடி வெட்டிக் குடுங்க" என்று கேளுங்கள். எடை போட்டுத்தான் தருவார்கள். ஒரு மீட்டர் சுமார் 960 கிராம் வரும். ஈயம் கலந்த, சுலபமாகக் கடையக்கூடிய ரகம் கேளுங்கள், ஐ.எஸ். 319 என்பது அதற்கான தர எண். அந்த ரகத்தில் சுருள் நீளமாக வராமல் பொடிப்பொடியாகத் தெறிக்கும்.

மூட்டு மரைக்குப் பலரும் கையில் இருக்கும் எம்8×1 (8 மி.மீ. குறுக்களவு, 1 மி.மீ. மரை இடைவெளி) டேப்பை எடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆண்மரையின் (வெளிப்பக்கம் வெட்டிய மரை) அடிக் குறுக்களவு 6.8 மி.மீ.தான். உள்ளே ரீஃபிலுக்கு 6.2 துளை. மிச்சம் பக்கத்துக்கு 0.3. இறுக்கினால் முறிந்துவிடும். எம்10×1 எடுங்கள். ஆண்மரைப் பக்கம் 1.3 மி.மீ. சுவர் நிற்கும். பெண்மரைப் பக்கம் 12 மி.மீ. ராடில் சுவர் ஒரு மி.மீ. நிற்கும். துளை 9 மி.மீ. ட்ரில்.

முன்பகுதியின் நுனியில் 2.5 மி.மீ. துளை, பின்னாலிருந்து 6.2. ஆழத்தை ஒரே தடவையில் பிடிக்கப் பார்க்காதீர்கள். மொத்தக் குழி கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும். பூட்டி, குலுக்கிப் பாருங்கள். ரீஃபில் முன்னும் பின்னும் ஆடும். பின்பகுதியின் வாயை 0.1 மி.மீ. வீதம் சீவிச் சீவிப் பூட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்று, வாய் தோளோடு முழுதும் ஒட்டும் இடத்தில் நிறுத்துங்கள். இந்தப் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்வதை எந்தப் புத்தகமும் தராது.

பித்தளையில் ட்ரில் திடீரென்று உள்ளே இழுத்துக்கொள்கிறதே?

புது ட்ரில்லின் வெட்டும் முனை இரும்புக்காகச் சாய்த்துத் தீட்டப்பட்டது. பித்தளையில் அது திருகு போல உள்ளே ஏறும். எண்ணெய்க் கல்லை வைத்து இரண்டு வெட்டு முனைகளிலும் ஒரு மெல்லிய தட்டை முகம் வரும்வரை தேய்த்துவிடுங்கள், பளிச்சென்று ஒரு கோடு தெரிந்தால் போதும். அந்த ட்ரில்லைப் பித்தளைக்கென்றே தனியாக வையுங்கள். கடையும் டூலுக்கும் அதே கதைதான்: மேல்சாய்வு பூஜ்யம். ஆழமான துளையில் கொஞ்சம் போய், வெளியே எடுத்து, பொடியைத் தட்டி, மறுபடி போக வேண்டும்.

வேகம் எவ்வளவு வைப்பது?

வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, குறுக்களவு × 3.14 ஆல் வகுத்தால் ஆர்.பி.எம். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு எம்.எஸ். நிமிஷத்துக்கு 25 மீட்டர், பித்தளை 60 மீட்டர் என்று வைத்தால், 12 மி.மீ. ராடுக்கு முறையே சுமார் 660, 1600 வரும். மரை வெட்டும்போது இதை மறந்துவிடுங்கள், மெதுவாகத்தான்.

மை பேனாவின் மூடி இரண்டு சுற்றில் கழல வேண்டும். அந்த மரை எப்படி?

திரும்பி வருகிறவர்கள் தயங்குவது இந்த இடத்தில்தான். நிதானமாகப் பார்ப்போம்.

0.8 பிட்ச் (இரண்டு புரிகளுக்கு நடுவே 0.8 மி.மீ.) சாதாரண மரையில் ஐந்து மி.மீ. பூட்டினால் கழற்ற ஆறு சுற்றுக்கு மேல் ஆகும். பிட்சைப் பெரிதாக்கினால் மரை ஆழமாகி மூடியின் சுவர் மெலிந்துவிடும். அதனால் ஒரே இடத்தில் மூன்று மரைகளைப் பக்கம் பக்கமாக ஓட்டுகிறோம். பேனா செய்கிறவர்கள் பரவலாக எடுப்பது எம்13×0.8, மூன்று தொடக்கம். ஒரு சுற்றுக்கு 2.4 மி.மீ. முன்னேறும். ஆழம் மட்டும் 0.8 பிட்சுக்கு உரியதுதான், சுமார் அரை மி.மீ.

கியரை 2.4க்கு மாட்டுங்கள். டூல் 60 டிகிரி, 0.8 மரைக்குத் தீட்டியது. மரை இங்கே சுமார் மூன்றரை டிகிரி சாய்ந்து ஓடுவதால், முன்னேறும் பக்கத்தில் டூலின் அடியைக் கூடுதலாகச் சாய்த்துத் தீட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டாமல் தேய்க்கும். காம்பவுண்ட் ஸ்லைடை (டூலுக்கு அடியில், கோணம் திருப்பக்கூடிய சின்ன ஸ்லைடு) பெட்டுக்கு இணையாகத் திருப்பி வையுங்கள். மரை முடியும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டிக்கொள்ளுங்கள், டூல் வந்து நிற்க.

முதல் மரையை 0.1, 0.1 ஆக ஆழம் வரை முடியுங்கள். டூலைப் பின்னுக்கு எடுத்து, தொடக்கத்துக்குக் கொண்டு வந்து, காம்பவுண்டைச் சரியாக 0.80 நகர்த்துங்கள். எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள், கொஞ்சம் அதிகம் போய்விட்டால் நன்றாகப் பின்னுக்கு வந்து மறுபடி முன்னேறுங்கள், ஸ்க்ரூவின் தளர்ச்சி கணக்கில் சேராதபடி. இரண்டாவது மரை. இன்னொரு 0.80. மூன்றாவது. மரை வெட்டிய முனையை நேருக்கு நேர் பார்த்தால் மூன்று வாய்கள் 120 டிகிரி இடைவெளியில் தெரியும்.

ஸ்பிண்டிலின் பின்பக்கம் ஒரு கைப்பிடி மாட்டிக் கையாலேயே சுற்றி வெட்டுவது எனக்கு மிகவும் பிடித்த முறை. ஒரு தோள் வரை நெருங்கி வெட்டும்போது அதைவிட நிம்மதி வேறில்லை. மூடிக்குள் பெண்மரைக்கு அந்த அளவில் டேப் வாங்கிக்கொள்வதே நல்லது. நிப் யூனிட்டுக்கும் அப்படித்தான்: ஜெர்மனியின் ஜோவோ 6ஆம் நம்பருக்கு எம்7.4×0.5, துளை 6.9. இந்த அளவு டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்காது, பேனா சாமான் விற்பவர்களிடம்தான் வரவழைக்க வேண்டும்.

எபோனைட்டா, அக்ரிலிக்கா?

எபோனைட். ரப்பரில் கந்தகத்தை அதிகமாகச் சேர்த்துச் சுட்டு இறுக்கியது. கடையும்போது கந்தக வாடை வரும், தூளுக்கு மாஸ்க் போடுங்கள். கூரான ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு ரிப்பன் ரிப்பனாக வரும், மரை சுத்தமாக விழும், கையில் சில்லென்று இருக்காது. ராஜமுந்திரியின் ரத்னம், சென்னையின் காமா, திருவள்ளூரின் ரங்கா என்று நம் பக்கத்துக் கைவினைப் பேனாக்கள் எபோனைட்டில் வளர்ந்தவைதான். வெயிலில் வைத்தால் கறுப்பு பழுப்பாகும், சுடுதண்ணீரில் கழுவினாலும் அப்படியே. அக்ரிலிக் நிறத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் சூடேறினால் உருகி டூலில் ஒட்டும், வாயோரம் சிதறும்.

மை நேராக ஊற்றும் பேனா செய்தேன். நம் ஊர் வெயிலில் கக்குகிறது.

உள்ளே மை குறையக் குறையக் காற்று அதிகமாகிறது. கைச்சூடும் வெயிலும் அந்தக் காற்றை விரிக்க, அது மையை நிப் வழியாகத் தள்ளுகிறது. மரையில் கோளாறு இல்லாவிட்டாலும் இது நடக்கும். சுவரைத் தடிமனாக விடுங்கள், 2 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். எபோனைட் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், அதனால் நல்லது. மை கால்வாசிக்கு வந்ததும் நிரப்பிவிடுங்கள். பித்தளையில் மையை நேராக ஊற்றவே கூடாது, அரிக்கும். பித்தளை உடம்பு என்றால் உள்ளே கன்வெர்ட்டர் (மையை உறிஞ்சி வைக்கும் சின்னக் குழாய்).

கசிவு மரை வழியாகத்தானா என்று தெரிய, தண்ணீர் நிரப்பிப் பூட்டி, மூட்டைச் சுற்றி டிஷ்யூ தாளைக் கட்டி, நிப் மேலே பார்க்க ஒரு இரவு நிறுத்துங்கள். பிறகு படுக்கவைத்து இன்னொரு இரவு. தாள் நனைந்தால் மரையில் சிலிகான் கிரீஸ் தடவுங்கள், அப்படியும் நனைந்தால் தோள் முகம் அச்சுக்குச் செங்குத்தாக இல்லை.

உள்ளூர்ப் பொருள் எதில் செய்யலாம்?

பனங்கை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஓட்டு வீடுகளை இடிக்கும்போது வரும் பழைய பனங்கைகளில் வைரம் பாய்ந்த பகுதி கறுப்பும் பழுப்புமாக நார் நாராக ஓடும். அவ்வளவு அழகான பேனா மரம் வேறு நான் பார்த்ததில்லை. ஆனால் நார் பிய்ந்து சிலாம்பாக எழும். மெல்லிய ஃபெவிக்விக் வகைப் பசையை ஊறவிட்டு, காய்ந்ததும் கடைந்து, மறுபடி ஊறவிட்டுக் கடைய வேண்டும். மரையை மரத்தில் போடாதீர்கள், உள்ளே எபோனைட்டோ பித்தளையோ புஷ் வையுங்கள். பெட் மேல் துணி விரிக்கவும். மரத்தூள் எண்ணெயை உறிஞ்சிக் கெட்டியாகி ஸ்லைடுக்குள் போகும்.

புளியும் கருவேலமும் நன்றாகக் கடையும். மான் கொம்பு வேண்டாம். வெளிநாட்டுப் பேனாக்காரர்கள் பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், காட்டில் உதிர்ந்து கிடந்த கொம்பாக இருந்தாலும்.

வீட்டில்தானே, லுங்கியோடு நிற்கலாமா?

கூடாது. லுங்கி, வேட்டி, தோளில் துண்டு, முழுக்கைச் சட்டை, கையில் கட்டிய கோயில் கயிறு, கழுத்துச் செயின், மோதிரம் எதுவும் கூடாது. கையுறையும் கூடாது, அது விரலைக் காப்பாற்றாது, இழுத்துக் கொடுக்கும். அரைக்கைச் சட்டை, பேன்ட், மூடிய செருப்பு, கண்ணாடி. சக் சாவியிலிருந்து கையை எடுத்தால் சாவி சக்கில் இருக்கக் கூடாது. எமரித் தாளை விரலில் சுற்றாதீர்கள், பட்டையாக இரண்டு முனையில் பிடியுங்கள். பேனா சின்னதுதான், ஆனால் அதைச் சுற்றும் சக் சின்னதில்லை. பழையபடி கை வந்துவிட்டது என்று தோன்றும் வாரத்தில்தான் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் பெட் துருப்பிடிக்கிறதே?

ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு தடவையும் துடைத்து 68 கிரேடு எண்ணெய் தடவி, பருத்தித் துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டால் உள்ளே வேர்த்துத் துரு அதிகமாகும்.

செய்ததை விற்கலாமா?

விற்கலாம். ஆனால் வாங்குபவரிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே அந்தப் பேனாவில் ஒரு மாதம் எழுதுங்கள், சட்டைப் பையில் வைத்துப் பஸ்ஸில் போங்கள், வெயிலில் நில்லுங்கள். மூடி மரை தளர்ந்து வந்தாலோ பை நனைந்தாலோ விற்காதீர்கள், அறுத்துப் பார்த்து எங்கே தவறு என்று கண்டுபிடியுங்கள். நிப்பும் ரீஃபிலும் கடையில் கிடைப்பவையாகவே இருக்கட்டும். வாங்கியவர் பத்து வருஷம் கழித்தும் மாற்றிக்கொள்ள வேண்டுமே.